பேட்டரிக்கு ஊற்றிய தண்ணீர்

இதை எழுதுகிறவனுக்கு ரஃபாகத் பாயியிடம் முதலில் கண்ணில் பட்டது அவருடைய முதுகுதான். பட்டப்படிப்புக்காகக் கிராமத்திலிருந்து டிரங்குப் பெட்டியோடு ஃபைசலாபாத்துக்கு வந்து, ஹஜ்ஜன் பீயின் வீட்டு மாடி அறைக்கு வாடகை பேசிக்கொண்டிருந்த மத்தியானம் அது. பேச்சு முடிவதற்குள் கரண்ட் போய்விட்டது. மாடிப்படிக்கு அடியில், வியர்வையில் ஊறிய பனியனோடு ஒரு முதுகு குனிந்திருந்தது. அதற்கு முன்னால் மூடி கழற்றிப் போட்ட யுபிஎஸ் பெட்டி ஒன்று கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

"யாரும் ஃப்ரிட்ஜைத் தொறக்காதீங்க! இஸ்திரிப் பெட்டியைத் தொடாதீங்க! மூச்சுகூட மெதுவா விடுங்க!" என்று முதுகு அதட்டியது.

வீடே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. டக்கென்று ஒரு சத்தம். கீச்சொலி நின்று, தலைக்கு மேல் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது.

"எங்க வீட்டு மாப்பிள்ளை," என்றார் ஹஜ்ஜன் பீ, வாடகைக்கு வந்தவனிடம் பெருமையாக.

"வீட்டோட மாப்பிள்ளை," என்று திருத்தினார் அவருடைய மகன் தன்வீர்.

முதுகு நிமிரவே இல்லை. காது மட்டும் சிவந்தது.

ரஃபாகத் பிறந்ததிலிருந்து அப்படி இருந்தவரில்லை. ஜங் ரோட்டில் சொந்தமாகத் தறிக்கொட்டகை வைத்திருந்தவர். ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் இருட்டு என்று ஊரே மாறிமாறிக் கிடந்த வருடங்களில் தறிகள் பாதி நாள் சும்மா நின்றன. நூல்காரருக்குப் பதில் சொல்ல முடியாமல் தறிகளைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டு, "கொஞ்ச நாளைக்கு" என்று மனைவி நாஹீத்தின் தாய் வீட்டுக்கு வந்தார். அந்தக் கொஞ்ச நாள் முடியவேயில்லை. ஒரு ஆலையில் துணியை விரித்துப்போட்டுக் குறை பார்க்கிற வேலை கிடைத்தது. சம்பளம் வந்தது, மரியாதை வரவில்லை. மருமகன் வாசலில் தலையைக் காட்டினால் கோழி அறுக்கிற ஊர் அது. தினமும் வீட்டுக்குள்ளேயே இருக்கிற மருமகனுக்கு யார் கோழி அறுப்பார்கள்? எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சமிருக்கும் பருப்பும், ஆறிப்போன ரொட்டியும்தான்.

அந்த வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே இடம் மாடிப்படிக்கு அடியிலிருந்த அந்த யுபிஎஸ். கரண்டால் பிழைப்பைத் தொலைத்தவர், கரண்ட் இல்லாத நேரத்தை ஆளுகிற வித்தையைத் தானே கற்றுக்கொண்டார். பழைய பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, சுட்டுக்கொண்டு, ஷாக் வாங்கிக் கற்றது. தெருவில் யார் வீட்டு யுபிஎஸ் முரண்டு பிடித்தாலும், "ரஃபாகத் பாயி, நம்ம பொட்டி மறுபடியும் அழுவுது, கொஞ்சம் வந்து சமாதானப்படுத்துங்க," என்று வந்து நிற்பார்கள். அப்போது மட்டும் அவர் முதுகு நிமிரும்.

ஜூன் மாதம் தன்வீரின் மகள் ஸனோபரைப் பெண் கேட்டுப் பக்கத்து ஊரான ஜரன்வாலாவிலிருந்து ஆட்கள் வருவதாக முடிவாயிற்று. வீடு அல்லோலகல்லோலப்பட்டது. பெரிய அறையைக் கழுவினார்கள், திரைச்சீலை மாற்றினார்கள், நாற்காலி இரவல் வாங்கினார்கள். பாவி யுபிஎஸ் சரியாக அந்தக் காலையில் படுத்துவிட்டது. கரண்ட் போனதும் டக்டக்கென்று நாலு முறை அடித்துக்கொள்ளும், விளக்கு ஒருமுறை கண்ணடிக்கும், அவ்வளவுதான்.

"புதுசா ஒண்ணு வாங்கிடலாம்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்," என்றார் தன்வீர். "நான் பாத்துக்கறேன், நான் பாத்துக்கறேன்னீங்க. சம்பந்தி வீட்டு ஆளுங்க உக்காந்திருக்கறப்போ இது காலை வாருச்சுன்னா, இன்ஜினியர் சாஹிப், நீங்கதான் பனையோலை விசிறியோட பக்கத்துல நிக்கணும்."

"நிக்கிறேன் தன்வீர் பாயி. முதல்ல தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

"ஆமா, வெளிச்சம் இருந்தாத்தானே மறைக்கிறதுக்கு!"

ரஃபாகத் பெட்டியைத் திறந்தார். கரண்டுக்கும் பேட்டரிக்கும் மாற்றிவிடுகிற ரிலேயின் முனை கருகிப்போயிருந்தது. செத்துப்போன பழைய பெட்டி ஒன்றிலிருந்து அதைப் போலவே ஒன்றைப் பிடுங்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்தார். பிறகு பேட்டரியின் மூடிகளைக் கழற்றி டார்ச் அடித்தார். தகடுகள் தண்ணீருக்கு வெளியே வறண்ட நாக்குபோல் நீட்டிக்கொண்டிருந்தன. இந்தக் கோலத்தில் எத்தனை நாளாக ஓடியதோ. பேட்டரித் தண்ணீர் கேன் எப்போதும் பக்கத்து அலமாரித் தட்டில்தான் இருக்கும். கையை மேலே நீட்டினார், கேன் கையில் தட்டுப்பட்டது, எடுத்தார். வெளியே தன்வீர், "வண்டி தெருமுனைக்கு வந்தாச்சு!" என்று கத்தினார். ஒவ்வொரு குழிக்கும் நிதானமாக ஊற்றினார். காய்ந்த பேட்டரி குடித்துக்கொண்டே இருந்தது. கேன் ஏறக்குறையக் காலியாயிற்று. மூடிகளைத் திருகினார், பொத்தானை அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது.

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்து, சிவப்பு சர்பத் குடித்து, சமோசாவில் கை வைத்தபோது கரண்ட் போனது. பெரிய அறையில் யாருக்கும் அது தெரியவே இல்லை. மின்விசிறி ஒரு மூச்சுத் திணறிவிட்டு அப்படியே சுற்றியது. தெருவில் ஜெனரேட்டர்கள் உறும ஆரம்பித்த பிறகுதான் மாப்பிள்ளைப் பையனின் தகப்பனார் காதைத் தீட்டினார்.

"என்ன பெஹன் ஜி, உங்க வீட்டுக்கு லோட் ஷெட்டிங்கே கிடையாதா?"

"எங்க மாப்பிள்ளை இருக்கறவரைக்கும் கிடையாது," என்றார் ஹஜ்ஜன் பீ. "கதவோரமா ஏன் நிக்கறே பேட்டா? உள்ள வா, இங்க வந்து உக்காரு."

ரஃபாகத்தைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, கோழிக் குழம்பிலிருந்து காலைத் தேடியெடுத்து அவர் தட்டில் வைத்தார். அத்தனை பேர் நடுவில். தன்வீர்கூட, "கையில ஏதோ இருக்கு இவருக்கு," என்று சொல்லிச் சிரித்தார். அந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருடங்களில் அந்த அறையில் அவர் ஒரு நாற்காலியை முழுசாக அடைத்து உட்கார்ந்தது அன்றுதான்.

சாப்பிட்டு முடித்ததும் பெட்டி சூடாகிவிட்டதா என்று பார்க்க மாடிப்படிக்கு அடியில் போனார். அலமாரித் தட்டில், பின்னால் சுவரோரமாக, இன்னொரு வெள்ளைக் கேன் இருந்தது. இழுத்தார். கனத்தது. மூடியில் அவரே மசியால் போட்ட கோடு. அவருடைய பேட்டரித் தண்ணீர், திறக்காமல் அப்படியே இருந்தது.

அப்படியென்றால் முன்னால் இருந்தது?

காலிக் கேனைத் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் பச்சைக் காகிதம் உரிந்துபோன தடம். நாஹீத் சர்பத் டம்ளர்களோடு கடந்துபோனாள்.

"இங்க இருந்த இந்தக் கேனு யாரோடது?" அவளை நிறுத்திக் கேட்டார்.

"அம்மியோடது. ஜம்ஜம். பெரிய ரூமைக் கழுவினோமே, அதான் இங்க எடுத்து வெச்சேன். அதோட வெல்வெட் உறை மேல கொடியில காயுது. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

ஜம்ஜம், ஹஜ்ஜன் பீ ஹஜ் போனபோது மக்காவின் புனிதக் கிணற்றிலிருந்து சுமந்துவந்த தண்ணீர். பாதியை உற்றார் உறவினருக்கும் தெருவுக்கும் கொடுத்து முடித்துவிட்டு, இந்த ஒரு கேனை மட்டும் தன் கடைசி நேரத்தில் வாயில் விடுவதற்கென்று உறை தைத்துப் போட்டு வைத்திருந்தார். அதை ரஃபாகத் அமிலத்தில் கலந்துவிட்டிருந்தார்.

உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் ஒரு காலெடுத்து வைத்தார். அந்த நேரம் பார்த்து அறைக்குள்ளிருந்து மாமியாரின் குரல் வந்தது: "நாஹீத்! அந்த ஜம்ஜமைக் கொண்டா. நல்ல காரியம் பேசி முடிச்சிருக்கோம், எல்லாருக்கும் ஒரு வாய் குடுப்போம்."

"நீ இரு, நான் கொண்டாரேன்," என்றது ரஃபாகத்தின் வாய்.

அடுப்படியில் தெருமுனைக் குழாயிலிருந்து பிடித்துவைத்த குடிதண்ணீர்ப் பானை இருந்தது. கேனின் அடியில் ஒரு மடக்கு மிச்சமிருந்தது. அதன்மேலேயே மொண்டு மொண்டு ஊற்றினார். ஊரில் எல்லோரும் செய்வதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஹஜ் முடித்து வருகிறவர்கள், கேட்கிறவர் கூட்டம் அதிகமானால் வீட்டுத் தண்ணீரில் கொஞ்சம் ஜம்ஜம் கலந்து கொடுப்பதில்லையா? பரக்கத்தும் அருளும் கலந்துதானே இருக்கும்? அவசரத்தில் தரையெல்லாம் தண்ணீர்.

விருந்தாளிகள் எழுந்து நின்றார்கள். பெண்கள் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார்கள். தொழுகைத் திசையான கிப்லாவை நோக்கித் திரும்பி, பிஸ்மில்லா சொல்லி, சின்னச் சின்ன மடக்காகக் குடித்தார்கள். மாப்பிள்ளையின் தாயாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க அண்ணன் கொண்டுவந்தது கொஞ்சம் உப்புக் கரிச்சுது பெஹன் ஜி. இது என்ன, இப்படித் தித்திக்குது!"

"நல்ல மனசோட குடிச்சா அப்படித்தான்," என்றார் ஹஜ்ஜன் பீ.

கடைசி டம்ளரை ரஃபாகத்திடம் நீட்டினார். "குடி பேட்டா. இன்னைக்கு என் மானத்தைக் காப்பாத்தினவன் நீதான்."

ரஃபாகத் நின்றுகொண்டு, கிப்லாவைப் பார்த்து, குழாய்த் தண்ணீரைக் குடித்தார்.

கேன் மறுபடியும் வெல்வெட் உறைக்குள் புகுந்து பெரிய அறையின் உச்சித் தட்டில் ஏறிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் அந்த அறைக்குள் தேவையில்லாமல் நுழைவதில்லை. நுழைந்தாலும் கண் தரையைத்தான் பார்க்கும். பேட்டரியும் சும்மா இருக்கவில்லை. உப்புச்சத்துள்ள தண்ணீர் உள்ளே போனால் தகடு அரித்துவிடும் என்பது அவருக்குத் தெரியாததா? வாரம் ஆக ஆகச் சோர்ந்துகொண்டே வந்தது. விசிறி ஓடி ஓடி நிற்கும், பெட்டி கீச்சிடும். அந்தக் கீச்சொலி கேட்டால் தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதுகூட அவருக்கு உடம்பு கூசும்.

"அன்னைக்கு ஒருநாள் கூத்துக்குன்னே ரிப்பேர் பண்ணினீங்களா இன்ஜினியர் சாஹிப்?" என்பார் தன்வீர்.

"பேட்டரி பழசு பாயி," என்பார் ரஃபாகத். சொல்லி முடித்ததும் தன் வாயைத் தானே கிள்ளவேண்டும்போல் இருக்கும்.

மாமியாரின் அன்பு வேறு கூடிக்கொண்டே போயிற்று. சாப்பாட்டில் முதல் ரொட்டி அவருக்கு வந்தது. நாஹீத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மி உங்களைப் பத்தி யார்கிட்டப் பேசினாலும் 'என் மகன்'னு சொல்றாங்க," என்பாள். அவர் தட்டைப் பார்த்தபடி மென்றுகொண்டிருப்பார். எத்தனையோ தடவை சொல்லிவிட நினைத்தார். முதல் ரொட்டி கைக்கு வந்ததும் அதைப் பிட்டுத் தின்ன ஆரம்பித்துவிடுவார்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஹஜ்ஜன் பீக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் நினைவு தப்புகிற வரைக்கும் போயிற்று. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, துஆ செய்யுங்க," என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரிய அறையில் கட்டிலைக் கிப்லாவுக்கு நேராகத் திருப்பிப் போட்டார்கள். பெண்கள் தலைமாட்டில் உட்கார்ந்து குர்ஆனில் யாசீன் ஓதினார்கள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த வேளையில் ஹஜ்ஜன் பீயின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. உதடு வெடித்திருந்தது.

தன்வீர் எக்கி உச்சித் தட்டிலிருந்து கேனை இறக்கினார். உறையை முத்தமிட்டுக் கழற்றினார். கிண்ணத்தில் ஊற்றி, கரண்டியில் எடுத்து, தாயின் உதட்டருகே கொண்டுபோனார்.

ரஃபாகத் கதவோரமாக நின்றிருந்தார். எப்போது நடந்து வந்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. அவர் கை தன்வீரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"வேண்டாம் பாயி. அது ஜம்ஜம் இல்ல."

"என்ன உளர்றீங்க?"

"குழாய்த் தண்ணி. நான்தான் ரொப்பி வெச்சேன். இருந்ததைப் பேட்டரியில ஊத்திட்டேன்."

ஓதுகிற சத்தம் நின்றுவிட்டது.

"எந்தப் பேட்டரியில?" என்றார் தன்வீர், வேறெதுவும் கேட்கத் தோன்றாமல்.

"நம்ம... நம்ம வீட்டுப் பேட்டரிலதான்."

நாஹீத் ஓதிக்கொண்டிருந்த குர்ஆனை மூடி மடியில் வைத்தாள். கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் தன்வீர் ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. தன்வீர் அடிக்கவில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "அன்னைக்கு... சம்பந்தி வீட்டுக்காரங்களுக்குக் குடுத்தது?" என்றார் மெதுவாக.

ரஃபாகத் தலை குனிந்தார்.

"போங்க," என்றார் தன்வீர். "தெருவுல யார் வீட்டுலயாவது இருக்கும். நீங்களே போயிக் கேட்டு வாங்கிட்டு வாங்க. நான் போகமாட்டேன்."

செருப்புகூடப் போடாமல் இறங்கினார். முதல் வீடு இனாயத் வாத்தியாருடையது. கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து வாத்தியாரின் மனைவி பேசினாள்.

"ஜம்ஜமா? உங்க வீட்டுலயே இருக்குமே பாயி? எங்களுக்கே ஹஜ்ஜன் பீதானே குடுத்தாங்க!"

"இருந்துச்சு பாபி. தீந்துபோச்சு."

"தீந்துபோச்சா? அவங்க கடைசி நேரத்துக்குன்னு வெச்சிருந்தாங்களே, அதை யாரு தீத்தது?"

பொய் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. "நான்தான். தெரியாம யுபிஎஸ் பேட்டரியில ஊத்திட்டேன்."

திரைக்குப் பின்னால் யாரோ துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிற சத்தம். "இல்ல பாயி, எங்ககிட்ட ஒரு சொட்டுகூட இல்ல," என்று சிரிப்புக்கு நடுவில் பதில் வந்தது.

அடுத்தது தையல்காரர் யாமீன். அவரிடம் நிச்சயமாக இல்லை. ஆனாலும் விடுவாரா? "என்ன சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க. டேய், மிஷினை நிறுத்துங்கடா, ரஃபாகத் பாயி என்னவோ சொல்றாரு!" அங்கேயும் சொன்னார். "அப்போ உங்க வீட்டு விசிறிக் காத்து பட்டாலே பாவமெல்லாம் போயிருமே பாயி!" என்றார் யாமீன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர்கள் கெட்டவர்களும் இல்லை. ஹஜ்ஜன் பீக்கு முடியவில்லை என்று காதில் விழுந்ததும் யாமீனே எழுந்து வந்து, "பஷீரன் ஃபூஃபி வீட்டுல கேளுங்க, போன வருஷம் அவங்க மகன் மக்காவுக்கு உம்ரா போயிட்டு வந்தான்," என்று வழி சொன்னார்.

பஷீரன் ஃபூஃபி அந்தத் தெருவுக்கே அத்தை முறை. வாய் கொஞ்சம் நீளம். ரஃபாகத் மூன்றாவது தடவையாக அதே வாக்கியத்தைச் சொன்னார். சொல்லச் சொல்லச் சுலபமாகும் என்று நினைத்திருந்தார், ஆகவில்லை. ஃபூஃபி சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு மருந்துப் பாட்டிலை எடுத்துவந்தாள். ரஃபாகத் இரண்டு கையையும் நீட்டினார். ஃபூஃபி பாட்டிலைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"உன் கையில குடுக்கறதா? நல்லாச் சொன்னே போ. நான் கொண்டாரேன். நீ முன்னால நட. வேண்டாம், பின்னால வா, நீ எதையாவது தட்டிவிட்டுடுவே."

தெரு முழுக்க வாசலில் வந்து நின்றது. ஃபூஃபி முன்னால் நடந்தாள். குற்றம் செய்த பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் ரஃபாகத் வெறுங்காலோடு பின்னால் நடந்தார்.

ஹஜ்ஜன் பீயின் உதட்டில் ஃபூஃபி தன் கையாலேயே சொட்டுச் சொட்டாக விட்டாள். தொண்டை அசைந்தது. இனி என்ன என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அன்று எதுவும் நடக்கவில்லை. மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அடுத்த வாரம் ஹஜ்ஜன் பீ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, சூப்பில் உப்பில்லை என்று தன்வீரின் மனைவியைத் திட்டினார்.

அதற்குள் விஷயம் ஜரன்வாலாவரைக்கும் போய்விட்டது. மாப்பிள்ளையின் தாயார் ஒரு பாட்டில் ஜம்ஜம் அனுப்பிவைத்தாள். "இதை மனுஷங்களுக்குக் குடுக்கச் சொல்லுங்க" என்று கூடவே ஒரு சேதி. சம்பந்தம் முறியவில்லை, ஆனால் அந்தச் சேதியைக் கேட்ட தன்வீர் வெட்கத்தில் இரண்டு நாள் தன் கடையைத் திறக்கவில்லை.

படுக்கையிலேயே ஹஜ்ஜன் பீயின் காதுக்கும் எல்லாம் வந்து சேர்ந்தது. ஒருநாள் மத்தியானம் ரஃபாகத்தைக் கூப்பிடச் சொன்னார். அவர் வந்து கால்மாட்டில் நின்றார்.

"பேட்டரியில ஊத்தினதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல," என்றார் மாமியார். "கேனை மாத்தி வெச்சது என் மக. நீ பாக்காம எடுத்துட்டே. யாரா இருந்தாலும் நடக்கறதுதான்."

"மன்னிச்சுடுங்க அம்மிஜி."

"இரு. எல்லாத்தையுமே ஊத்திட்டியா? ஒண்ணுமே மிச்சமில்லையா?"

ரஃபாகத்துக்குப் பொய் சொல்கிற தெம்பு போயிருந்தது. "அடியில ஒரு மடக்கு இருந்துச்சு."

"அதை என்ன பண்ணினே?"

"அதுமேலதான்... தண்ணி ஊத்தினேன்."

ஹஜ்ஜன் பீக்கு மூச்சு வாங்கியது.

"அந்த ஒரு மடக்கு எனக்குப் போதும்டா," என்றார். "சாகறவளுக்கு ஒரு கேனா வேணும்? ஒரு மடக்கை எடுத்துத் தனியா வெச்சிருக்கலாமே. உன் மானத்தைக் காப்பாத்திக்க அதையும் குழாய்த் தண்ணியில முக்கிட்டியே."

ரஃபாகத் நின்றுகொண்டே இருந்தார். ஹஜ்ஜன் பீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு திட்டவுமில்லை, கூப்பிட்டுப் பேசவுமில்லை. அந்த மாதமே ரஃபாகத் வேறு வீடு பார்த்தார். நாஹீத் மறுபேச்சுப் பேசாமல் துணிமணிகளை மூட்டை கட்டினாள்.

ரஃபாகத்தும் நாஹீத்தும் இப்போது அதே ஊரில், மன்சூராபாத்தில் ஒரு சந்துக்குள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அதே ஆலையில்தான் வேலை. ஸனோபருக்குக் கல்யாணமாகி ஜரன்வாலாவில் இருக்கிறாள். ஹஜ்ஜன் பீ மெலிந்துவிட்டார், ஆனால் நடமாடுகிறார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் ரஃபாகத் மாமியாரைப் பார்க்க வருவார். சலாம் சொல்வார், அவரும் பதில் சலாம் சொல்வார். வாசல் பக்கத்துக் கயிற்றுக் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து தேநீர் குடித்துவிட்டு, உள்ளே வராமலே கிளம்பிப் போவார்.